ட்ராவல் நேரம் மிச்சம்... சரி, அது யார் கணக்குல போகுது?

போன இதழ்ல, முழு நேரமும் வீட்ல இருந்தே வேலை பாக்கறவங்க, பாக்க ஆசைப்படறவங்க எல்லாரும் உங்க கேள்விய எழுதி அனுப்புங்கன்னு கேட்டிருந்தேன். வந்ததுல பாதி ஒரே மாதிரி கேள்வி, அதெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். பேர் போட வேண்டாம்னு ரொம்ப பேர் கெஞ்சி கேட்டிருந்தீங்க (மேனேஜர் படிச்சிடுவாராம்!), அதனால யார் பேரும் இல்ல.

கேள்வி: அக்கா, கையில ரெண்டு ஆஃபர் இருக்கு. ஒண்ணு தினமும் ஆபீஸ் போகணும், இன்னொண்ணு ஃபுல் ரிமோட், ஆனா சம்பளம் கொஞ்சம் கம்மி. கம்பெனிக்கு என்ன லாபம்னு எல்லாரும் பேசறாங்க, எனக்கு என்ன லாபம்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க.

பதில்: முதல் லாபம் நேரம்தான், அது உங்களுக்கே தெரியும் தம்பி. அத கணக்கு போட்டே பாத்திருக்காங்க. 27 நாட்டுல வேலை பாக்கறவங்ககிட்ட கேட்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2023ல வெளியிட்ட ஆய்வுல, வீட்ல இருந்து வேலை பாக்கற ஒவ்வொரு நாளும் சராசரியா 72 நிமிஷ பயணம் மிச்சமாகுதுன்னு வந்துச்சு. அஞ்சு நாளுக்கு பெருக்கினா வாரத்துக்கு 6 மணி நேரம். அதுவும் எந்த மாதிரி நேரம்னு பாருங்க. டேனியல் கானமன்ற உளவியல் ஆய்வாளரோட குழு 2004ல, டெக்சாஸ்ல வேலைக்கு போற 900 பெண்களுக்கு மேல, முந்தின நாள் என்னென்ன செஞ்சீங்க, அப்போ மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணா எழுத சொல்லி பாத்தாங்க. சந்தோஷம் ரொம்ப கம்மியா இருந்த வேலைகள்ல காலைல ஆபீஸ் போற பயணம் கடைசில நின்னுச்சு. நாள்லயே பிடிக்காத பகுதிதான் முதல்ல கழண்டு போகுது, இதுக்கே பாதி பேர் கையெழுத்து போட்டுடுவாங்க.

ஆனா அந்த 27 நாட்டு ஆய்வுல இன்னொரு விஷயம் இருக்கு, அத யாரும் எடுத்து சொல்றதில்ல. மிச்சமான நேரத்துல சுமார் 40 சதவீதத்த மக்கள் திரும்பவும் வேலைக்கே குடுத்துடறாங்க. ஓய்வு, பொழுதுபோக்குன்னு போறது 34 சதவீதம், குழந்தைங்கள பெரியவங்கள பாத்துக்க 11 சதவீதம். 72 நிமிஷத்துல கிட்டத்தட்ட 29 நிமிஷம் கேக்காமலே ஆபீஸுக்கு தானம். யாரும் பிடுங்கல, எட்டரைக்கு லேப்டாப் திறந்தா "ஆன்லைன்ல இருக்கீங்களா"ன்னு ஒரு மெசேஜ், அதுக்கு பதில் போட்டா இன்னொண்ணு, அப்படியே மணி ஒன்பதரை. நான் இந்த பக்கத்துல திரும்ப திரும்ப சொல்லப்போறது இதுதான், லாபம் தானா வரும், ஆனா தானா நம்மகிட்ட தங்காது.

நேரத்த விட எனக்கு பெருசா தெரியறது, நாள எப்படி அடுக்கறதுன்ற முடிவு நம்ம கைக்கு வர்றது. தண்ணி பைப் ரிப்பேர் பண்ண ஆள் வர்றார்னா அரை நாள் லீவு போட வேண்டாம், பையனுக்கு காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து போன் வந்தா யார்கிட்டயும் முகத்த பாவமா வச்சுக்கிட்டு நிக்க வேண்டாம். மண்டை நல்லா ஓடற நேரம் காலைலன்னா கஷ்டமான வேலைய காலைல வச்சுக்கலாம், மதியம் தூக்கம் வர்ற நேரத்துல ஃபைல் அடுக்கறது, மெயிலுக்கு பதில் போடறதுன்னு தள்ளி விடலாம். ஆபீஸ்ல இதெல்லாம் மீட்டிங் ரூம் எப்போ காலின்றத வச்சு முடிவாகும்.

சம்பளத்துக்கு வருவோம். வாரத்துல ரெண்டு மூணு நாள் வீட்ல இருக்கற வசதிய மக்கள் சராசரியா 5 சதவீத சம்பளத்துக்கு சமமா மதிக்கறாங்கன்னு அதே ஆய்வாளர்களோட சர்வே சொல்லுது. அத அப்படியே உங்களுக்கு பொருத்தாதீங்க, பேப்பர் எடுத்து நீங்களே போடுங்க. போக்குவரத்து, வெளிய சாப்பாடு, ஆபீஸுக்குன்னே வாங்கற துணி, ஆபீஸ் பக்கத்துல இருக்கணும்னே குடுக்கற வாடகை, இதெல்லாம் ஒரு பக்கம். கரண்ட், இன்டர்நெட், நல்ல நாற்காலி, இதெல்லாம் இன்னொரு பக்கம். வாடகை ஒண்ணே பல பேருக்கு கணக்க புரட்டிப் போட்டுடும். அப்புறம் முக்கியமா, "ஃபுல் ரிமோட்"ன்றது ஆஃபர் லெட்டர்ல எழுத்துல இருக்கணும், ஹெச்ஆர் போன்ல சிரிச்சுக்கிட்டே சொன்னதெல்லாம் ஆறு மாசம் கழிச்சு யாருக்கும் ஞாபகம் இருக்காது. டீம் எந்த டைம் ஸோன்ல இருக்குன்னும் கேளுங்க. ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங்னா நான் மேல சொன்ன லாபத்துல பாதி அங்கயே போச்சு.

கேள்வி: இந்த ஒர்க் ஃப்ரம் ஹோம் எல்லாம் கொரோனாவால வந்த திடீர் பழக்கம்தானே மேடம்? எவ்வளவு நாள் தாங்கும்?

பதில்: இல்லீங்க. அமெரிக்காவுல ஜாக் நில்ஸ்னு ஒரு இன்ஜினியர் 1973லயே, ஆள வேலைகிட்ட ஓட்டறதுக்கு பதிலா வேலைய போன் லைன்ல ஆளுகிட்ட அனுப்பினா என்னன்னு ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சிட்டார். அப்போ எண்ணெய் நெருக்கடி, ரோடெல்லாம் நெரிசல். ஐடியா பழசு, 2020ல வேற வழியில்லாம எல்லாரும் ஒரே நேரத்துல குதிச்சோம், அவ்வளவுதான்.

கேள்வி: ஆபீஸ்ல மூணு நாள் இழுக்கற வேலை வீட்ல ஒரு நாள்ல முடியுது. நான்தான் ஆபீஸ்ல சோம்பேறியா இருக்கேனா, இல்ல வேற காரணமா?

பதில்: உங்கள நீங்களே திட்டிக்காதீங்க. தடுப்பு இல்லாத ஹால்ல எல்லாரையும் வரிசையா உக்கார வச்சா கலகலன்னு பேசிப்பாங்கன்னு நம்பி ஆபீஸ் கட்றாங்க. அப்படி மாறின கம்பெனிகள்ல ஊழியர்களுக்கு சென்சார் மாட்டி அளந்து 2018ல வெளியிட்டாங்க, நேருக்கு நேர் பேசறது சுமார் 70 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, பக்கத்து சீட்காரனுக்கே மெயில் போட ஆரம்பிச்சிட்டாங்க. எல்லாரும் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு தனியா இருக்கற மாதிரி நடிக்கறதுக்கு, நிஜமாவே தனியா இருக்கலாமே.

சீனாவுல சிட்ரிப்னு ஒரு பயண கம்பெனி, அவங்க கால் சென்டர்ல ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூம் குழு 9 மாசம் ஒரு சோதனை பண்ணாங்க. விருப்பப்பட்டு முன்வந்தவங்கள்ல, பிறந்த தேதி இரட்டைப்படை எண்ணா இருந்தவங்களுக்கு வாரத்துல 4 நாள் வீடு, மத்தவங்களுக்கு ஆபீஸ். வீட்ல இருந்தவங்க வேலை 13 சதவீதம் கூடிச்சு. அதுல 9 சதவீதம் பிரேக்கும் சிக் லீவும் குறைஞ்சதால சீட்ல கூடுதலா உக்காந்ததுல வந்தது, மிச்ச 4 தான் நிமிஷத்துக்கு கூடுதலா கால் எடுத்ததுல வந்தது, அதுக்கு வீட்ல சத்தம் கம்மின்றதும் ஒரு காரணம். அந்த 9ம் 4ம் நல்லா பாருங்க. அமைதியால கிடைச்சது 4 தான். 9 உங்க சொந்த நிமிஷம். வேலை ஒரு நாள்ல முடிஞ்சா மிச்ச ரெண்டு நாளும் கம்பெனிக்குன்னு நீங்களே எழுதி குடுத்துடாதீங்க, கொஞ்சமாவது வச்சுக்கோங்க.

கேள்வி: அக்கா, ரெண்டு வருஷமா ரிமோட்ல இருக்கேன். வீட்ல எல்லாருக்கும் நான் சும்மா இருக்கற மாதிரிதான் தெரியுது. "வீட்லதானே இருக்க"ன்ற ஒரு வார்த்தைய கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. துணி எடுத்துப் போடு, பார்சல் வாங்கு, சொந்தக்காரங்க வந்திருக்காங்க வந்து பேசு. எனக்கு இதுல என்ன நன்மைன்னு தெரியல, திரும்ப ஆபீஸே போயிடலாமான்னு இருக்கு.

பதில்: தங்கச்சி, உங்க மாதிரி கடிதம்தான் இந்த தடவ அதிகம், எழுதினவங்க கிட்டத்தட்ட எல்லாருமே பெண்கள். உங்க வீட்டுக்காரரும் ரிமோட்னா அவர யாரும் பார்சல் வாங்க எழுப்ப மாட்டாங்கன்னு நான் பந்தயம் கட்டறேன். மேல சொன்ன 72 நிமிஷம் சராசரிதான், பெண்களுக்கு அதுல பெரிய துண்டு சத்தமில்லாம வீட்டு வேலைக்குள்ள போயிடுது, மிச்சம்னு கண்ணுலயே படறதில்ல.

பேசி புரிய வைக்கலாம்னு எல்லாரும் சொல்லுவாங்க, பேசிப் பாருங்க, ஆனா வெறும் பேச்சு மட்டும் போதாது. ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டு பக்கத்துல வச்சுக்கோங்க. யார் எழுப்பினாலும், எத்தனை மணிக்கு, எதுக்கு, திரும்ப வேலைல உக்கார எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒரே வரி. "11:10, பார்சல், 20 நிமிஷம்." "11:45, சாவி எங்கன்னு கேட்டாங்க, 10 நிமிஷம்." சனிக்கிழமை அத வீட்ல எல்லார் முன்னாடியும் கூட்டிக் காட்டுங்க, சண்டை போடாம, சும்மா கூட்டல் மட்டும். அதுல பாதி விஷயம் பத்து மணிக்கு முன்னாடியோ சாயங்காலமோ தள்ளிப் போடக்கூடியதுன்னு அவங்களே பாப்பாங்க. அவங்க வேணும்னு பண்றதில்ல, திரைக்கு முன்னாடி உக்காந்திருக்கறது வேலை மாதிரி வெளிய தெரியறதில்ல, அதான் சிக்கல்.

அடுத்தது கதவு. தனி ரூம் எல்லாருக்கும் இருக்காது, பரவாயில்ல, ஒரு அடையாளம் போதும். ஹெட்செட் தலைல இருந்தா ஆபீஸ் கால் பேசிக்கிட்டு இருக்கேன், கழுத்துல தொங்கினா பேசலாம், இத ஆறு வயசு குழந்தை கூட ரெண்டே நாள்ல கத்துக்கும், பெரியவங்களுக்குதான் கொஞ்சம் டைம் எடுக்கும். லஞ்ச் நேரத்த அறிவிச்சிடுங்க, அந்த அரை மணி நேரம் நீங்க வீட்டு ஆள், முழுசா. அப்போ போய் சொந்தக்காரங்ககிட்ட உக்காருங்க.

திரும்ப ஆபீஸ் போறது தோல்வி கிடையாது, போகணும்னு தோணினா போங்க. ஆனா போறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க, அப்போ இந்த வீட்டு வேலை எல்லாம் மாயமாவா போகும்? ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தப்புறம் அதே குவியல் உங்களுக்காக காத்துக்கிட்டுதான் இருக்கும், கூட பயண களைப்பும். அந்த குவியல பங்கு போடற பேச்ச எப்படியும் ஒரு நாள் பேசித்தான் ஆகணும், ரிமோட்ல இருக்கும்போதே பேசிடுங்களேன்.

கேள்வி: மேடம், கூச்சமா இருக்கு, ஆனாலும் கேக்கறேன். எனக்கு வயிறு ரொம்ப சென்சிடிவ், எப்போ தொந்தரவு பண்ணும்னு தெரியாது. ஆபீஸ்ல இருந்தவரைக்கும் ஒவ்வொரு நாளும் பயம்தான். ரிமோட் வந்தப்புறம் மனுஷி ஆயிட்டேன். இத ஒரு பெனிஃபிட்னு சொன்னா ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கறாங்க.

பதில்: சிரிக்கறவங்க சிரிக்கட்டும். சொந்த பாத்ரூம்ன்றது இந்த மொத்த விஷயத்துலயே யாரும் எழுதாத பெரிய நன்மைன்னு நான் சொல்லுவேன். பீரியட்ஸ் வலியில ஹாட் பேக் வச்சுக்கிட்டே வேலை பாக்கறவங்க, ட்யூப் லைட் வெளிச்சத்துல மைக்ரேன் வர்றவங்க, குழந்தைக்கு பால் குடுக்கற அம்மா, வீல்சேர்ல இருந்துக்கிட்டு லிஃப்ட் ரிப்பேர்னாலே அந்த நாள் போச்சுன்னு இருந்தவங்க, காது சரியா கேக்காம மீட்டிங் ரூம்ல தலைய மட்டும் ஆட்டிக்கிட்டிருந்து இப்போ திரையில கேப்ஷன் படிச்சு முழுசா பேசறவங்க, இவங்களுக்கெல்லாம் இது சொகுசு கிடையாது, வேலைய விடாம பாக்கறதுக்கு வழியே இதுதான். இன்னொண்ணு, சிட்ரிப் சோதனைல வீட்ல இருந்தவங்க வேலைய விட்டுப் போறது பாதியா குறைஞ்சிடுச்சு. ஏன் விடலன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் கேட்டா உங்க மாதிரி வெளிய சொல்லாத காரணம் நாலு இருந்திருக்கும்னு நான் நினைக்கறேன்.

கேள்வி: வீட்ல இருந்தா உடம்பு நல்லாகும்னு நம்பி வந்தேன். தூக்கம் நல்லா வருது, சரி. ஆனா முதுகு போச்சு, வெயிட்டும் ஏறிடுச்சு. என்ன பண்றது?

பதில்: தூக்கம் கிடைச்சிருக்குல்ல, அத முதல்ல விட்டுடாதீங்க. முதுகுக்கு காரணம் லேப்டாப்போட அமைப்பு. அதுல திரையும் கீபோர்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, கைக்கு சரியா வச்சா கழுத்து குனியும், கண்ணுக்கு சரியா வச்சா கை தூக்கும், ரெண்டும் ஒண்ணா சரியாகவே ஆகாது. அதனால பிரிச்சிடுங்க. நாலு தடி புத்தகத்து மேல லேப்டாப்ப ஏத்தி திரையோட மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர்ற மாதிரி வச்சு, தனியா ஒரு கீபோர்டு மவுஸ் வாங்கி கீழ வைங்க, முழங்கை கிட்டத்தட்ட எல் வடிவத்துல மடங்கணும், பாதம் தரையில முழுசா பதியணும். கட்டில்ல படுத்துக்கிட்டு வேலை பாக்கறது மட்டும் வேண்டாம், ப்ளீஸ். கண்ணுக்கு, 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ 20 அடி தள்ளி இருக்கற எதையாவது 20 செகண்டு பாருங்க.

வெயிட்டுக்கு காரணம், ஆபீஸ் போறப்ப நமக்கே தெரியாம நடந்துக்கிட்டு இருந்தோம், பஸ் ஸ்டாப் வரைக்கும், மாடிப்படி, கேன்டீன்னு. இப்போ கட்டில்ல இருந்து டேபிள் வரைக்கும்தான் நடை. பெரியவங்க வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி பண்ணணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்க வாரத்து 6 மணி நேர மிச்சம் 360 நிமிஷம், அதுல பாதிய எடுத்தாலே குறைந்தபட்சத்த தாண்டிடலாம். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ் கிளம்பற மாதிரியே கிளம்பி, கதவ பூட்டி, ஒரு சுத்து நடந்துட்டு வந்து உக்காருங்க. சாயங்காலமும் அதே மாதிரி. மனசுக்கும் அது ஒரு மணி அடிச்ச மாதிரி, வேலை முடிஞ்சுதுன்னு தெரியும்.

கேள்வி: வீடியோ கால் முடிஞ்சாலே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. நேர்ல பேசினா இப்படி ஆகறதில்ல. ஏன்?

பதில்: ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெரமி பெயிலன்சன் 2021ல இதுக்கு நாலு காரணம் எழுதினார். எல்லாரும் ரொம்ப கிட்டத்துல நம்மளையே உத்துப் பாக்கற மாதிரி இருக்கறது, நாள் முழுக்க நம்ம மூஞ்சிய நாமளே பாக்கறது, கேமரா கட்டத்துக்குள்ள அசையாம இருக்கறது, தலையாட்டல் சிரிப்பு எல்லாத்தையும் கஷ்டப்பட்டு காட்ட வேண்டியிருக்கறது. இதுல ரெண்டாவது ஈசியா போகும். ஜூம்ல உங்க வீடியோ மேல இருக்கற மூணு புள்ளிய தட்டி, உங்க படத்த உங்களுக்கு மட்டும் மறைக்கற ஆப்ஷன அமுக்குங்க, மத்தவங்களுக்கு நீங்க வழக்கம் போல தெரிவீங்க. முகம் பாக்கற கண்ணாடிய கழுத்துல மாட்டிக்கிட்டு யாராவது ஆபீஸ் மீட்டிங்குக்கு போவாங்களா?

கேள்வி: படிப்பு முடிச்சு முதல் வேலை, ஃபுல் ரிமோட். ஜாலியாத்தான் இருக்கு. ஆனா அப்பா "இது சரிப்படாது, ஆபீஸ் இருக்கற வேலையா பாரு"ன்றார். யார் சொல்றது சரி?

பதில்: பாதிக்கு மேல அப்பா கட்சிதான் நான். இதுவரைக்கும் சொன்ன நன்மை எல்லாம், வேலை ஏற்கனவே தெரிஞ்ச ஆளுக்கு முழுசா கிடைக்கும். புதுசா வர்றவங்க கத்துக்கறது பாதி பக்கத்து சீட்ல இருந்து காதுல விழறதுதான், சீனியர் கஸ்டமர்கிட்ட எப்படி இல்லன்னு சொல்றார், மேனேஜர் கோவமா இருக்கறப்ப என்ன பேசக்கூடாது, இதெல்லாம் எந்த டாக்குமென்ட்லயும் இருக்காது. இன்னொரு கசப்பான விஷயம், அந்த சிட்ரிப் சோதனைல வீட்ல இருந்தவங்க நல்லா வேலை பாத்தும், அதே அளவு வேலை பாத்த ஆபீஸ்காரங்கள விட ப்ரமோஷன் கம்மியாத்தான் கிடைச்சுது. கண்ணுல படாதவன் லிஸ்ட்லயும் இருக்க மாட்டான்.

வேலைய விட முடியாதுன்னா, சீனியர் ஒருத்தர்கிட்ட வாரத்துல ரெண்டு நாள் ஒரு மணி நேரம் அவர் வேலை பாக்கறப்ப ஸ்கிரீன் ஷேர் பண்ண சொல்லி சும்மா பாத்துக்கிட்டே இருங்க, சந்தேகத்த அப்பவே கேளுங்க. டீம் எப்போ நேர்ல கூடினாலும் சாக்கு சொல்லாம போங்க. வெள்ளிக்கிழமை அந்த வாரம் முடிச்சத அஞ்சு வரில மேனேஜருக்கு எழுதுங்க, அப்ரைசல் அப்போ அவருக்கு ஞாபகம் வர்றது அந்த அஞ்சு வரிதான்.

கேள்வி: தனியா ரூம் எடுத்து இருக்கேன். சில நாள் சாயங்காலம் வாய திறந்து பேசினதே மீட்டிங்ல "நான் பேசறது கேக்குதா"ன்னு கேட்டதோட சரி. இதுக்கு மேல ரிமோட் எனக்கு நல்லதா?

பதில்: ஒருவேள நல்லதில்லையோ என்னவோ, அப்படி இருந்தா அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. சோதனை முடிஞ்சதும் சிட்ரிப்ல எல்லாருக்கும் வீடா ஆபீஸான்னு திரும்ப தேர்ந்தெடுக்க விட்டாங்க. சோதனைல இருந்தவங்கள்ல பாதிக்கு மேல இடத்த மாத்திக்கிட்டாங்க. 9 மாசம் வீட்ல இருந்தவங்கள்ல நிறைய பேர் ஆபீஸுக்கே திரும்பினாங்க, சொன்ன காரணம் தனிமை. வேடிக்கை என்னன்னா அப்படி அவங்கவங்க இஷ்டத்துக்கு விட்டப்புறம், 13 சதவீதமா இருந்த லாபம் 22 ஆச்சு.

முதல்ல ஒரு மாசம், சாயங்காலத்துல வாரம் மூணு நாளாவது ஆளுங்க இருக்கற ஏதோ ஒரு இடத்துக்கு போங்க, லைப்ரரி, ஷட்டில் கோர்ட், ஏதாவது ஒரு வகுப்பு. தூரத்துல இருக்கற ஆபீஸ்காரங்கள விட்டுட்டு, நடந்து போற தூரத்துல ஃப்ரெண்ட்ஸ் சேர்க்க ரிமோட் நேரம் குடுக்குது, அதையும் ஒரு லாபமா எடுத்துக்கலாம். அப்பவும் மனசு கனமாவே இருந்தா, கோ ஒர்க்கிங் இடமோ (பல கம்பெனி ஆளுங்க வாடகைக்கு சேர்ந்து உக்கார்ற பொது ஆபீஸ்) வாரம் ரெண்டு நாள் ஆபீஸோ கேளுங்க. தூக்கம், பசி கெட்டுப் போற அளவுக்கு போச்சுன்னா தயவுசெஞ்சு டாக்டர பாருங்க, அத வேலை முறையோட கணக்குல போட்டு தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: ராத்திரி பதினோரு மணிக்கு மேனேஜர் மெசேஜ் பண்றார், "வீட்லதானே இருக்கீங்க"ன்னு. பதில் போடலன்னா தப்பா நினைப்பாரா?

பதில்: அட, இங்கயும் அதே வார்த்தை! ஃப்ரான்ஸ்ல 2017லயே, வேலை நேரம் முடிஞ்சதும் தொடர்பத் துண்டிச்சுக்கற உரிமை சட்டமாச்சு. போர்ச்சுகல்ல 2021ல, வேலை நேரத்துக்கு அப்புறம் ஆளுங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு முதலாளி மேலயே பொறுப்ப போட்டாங்க, ஆஸ்திரேலியாவுலயும் 2024ல சட்டம் வந்தாச்சு. நீங்க இருக்கற இடத்துல சட்டம் எப்படியோ, உடம்புக்கு எல்லா இடத்துலயும் ஒரே சட்டம்தான். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறவங்களுக்கு, 35ல இருந்து 40 மணி நேரம் பாக்கறவங்கள விட பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல சொல்லிச்சு.

மேனேஜர் பாதி நேரம் தனக்கு மறந்துடும்னுதான் ராத்திரி அனுப்பறார், உடனே பதில் வரணும்னு கூட நினைக்கறதில்ல. நேரா சொல்லிடுங்க, "சார், அவசரம்னா கால் பண்ணுங்க, எடுத்துடறேன், மெசேஜ்னா காலைல ஒன்பது மணிக்கு பாத்துடறேன்." இத கோவமா இல்லாம ஒரு பகல் நேரத்துல சொல்லுங்க. அப்புறம் போன்ல ஆபீஸ் ஆப்போட நோட்டிஃபிகேஷன ஏழு மணிக்கு தானா அணையற மாதிரி வச்சிடுங்க. ஒரு வாரம் கை அரிக்கும்.

கேள்வி: கம்பெனி என் மவுஸ் அசையுதான்னு சாஃப்ட்வேர் வச்சு பாக்குது. ஃப்ரெண்டு மவுஸ தானா ஆட்டற கருவி ஒண்ணு வாங்க சொல்றான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிடிபட்டா வேலை போகும். அந்த காசுல கீபோர்டு வாங்குங்க, மவுஸ் அசையறத எண்ணாத கம்பெனியா பாத்து ரெஸ்யூம் அனுப்புங்க.